நல்ல நேரத்தில் கிளம்பிய பை

வாங்க தம்பி, இங்க வந்து உக்காருங்க. அங்க நடுவுல மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் இடி வாங்கிட்டு என்னத்துக்கு? இந்த ரெண்டு சீட்டும் எங்களுதுதானுங்க. ஒண்ணு எங்கூட்டுக்காரிக்குப் போட்டது, ஒண்ணு என்ற பொண்ணுக்கு. ரெண்டு பேரும் வரலீங்க. இனி வரவும் மாட்டாங்க. சன்னலோரம் வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு வேண்டாம். பயமெல்லாம் இல்லீங்க. வெளிச்சம் கண்ணுல அடிக்கும். மழ பேஞ்சாலும் ஒரு வெளிச்சம் இருக்குதுங்களே.

உங்க போன்ல தமிழ் எழுத்தப் பாத்தேனுங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவரக் கூப்புட்டுப் பக்கத்துல வெச்சுக்கறதுன்னு. ஊரு எதுங்க? மதுரப் பக்கமா? செரி செரி. நமக்குத் திருச்செங்கோடு. பேரே செங்கோட்டுவேலு. இங்க டாலஸ்ல ஆபீசுல எல்லாரும் சென்னு, சென்னும்பாங்க. பேருல பாதிக்கு மேல ஏர்போர்ட்டுலயே புடுங்கி வெச்சுக்கிட்டாங்க.

இதுங்களா? இந்தக் குஞ்சம் மூட்டை என்றது இல்லீங்க. டீமோடது, ஆடறப்ப கையில புடிச்சு ஆட்டற குஞ்சம். மேல வெச்சா மூடி சாத்த மாட்டேங்குது. காலுக்கடியில திணிச்சேன், பாதி மடிக்கு வருது. அங்க முன்னாடி பாருங்க, தலையில முறம் அகலத்துக்கு ரிப்பன் கட்டிக்கிட்டு ஒரே கூச்சலாப் போடுதுகளே புள்ளைங்க, அதுதான் என்ற பொண்ணு மகிழினியோட டீமு. அதுகளுக்கு நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சு என்னைய மொறைக்கறாங்களே ஒரு அம்மா, அதுதான் கோச்சு. ப்ரென்டான்னு பேரு. மொறைக்கட்டும். நாம என்ன திருடிட்டா வந்தோம்.

சியர்லீடிங்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கிரிக்கெட்டுல ஓரமா நின்னு ஆடுவாங்களே, அதில்லீங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். ஊருல எங்கக்கா அப்படி நெனச்சுக்கிட்டு ஒரு வாரம் எங்கூடப் பேசல. இது புள்ளைங்க போட்டி. குட்டிக்கரணம் போடுவாங்க, ஒருத்தி மேல ஒருத்தி ஏறி நிப்பாங்க, தூக்கிப் போட்டுப் புடிப்பாங்க. மேல நிக்கறவளுக்கு ப்ளையர்னு பேரு. கீழ நின்னு தாங்கறவளுக்கு பேஸு. என்ற பொண்ணு பேஸுங்க.

அதுதான் எனக்கு முதல் வெசனம். மேடிசன்னு ஒரு புள்ள, அங்க மூணாவது வரிசையில நகத்தக் கடிச்சுட்டு இருக்குதே, அது கால ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கறதுதான் இவ சோலி. பார்க்கறவங்க எல்லாரும் மேடிசனத்தான் பாப்பாங்க, மேடிசனுக்குத்தான் கை தட்டுவாங்க. நான் கோச்சுகிட்டப் போயி, 'என்ற பொண்ணயும் ஒருக்கா மேல ஏத்துங்க மேடம், அவளும் ஒல்லிதான்'னேன். அந்தம்மா சொல்லுது, 'மகி இதுவரைக்கும் யாரையும் கீழ உட்டதே இல்ல'ன்னு. கீழ உடமாட்டாளாம். அது ஒரு தெறமயாங்க? கீழ உட்டாத்தான தப்பு? அதோட திரும்பி வந்துட்டேன்.

செரி, விசயத்துக்கு வர்றேன். ரெண்டு சீட்டு ஏன் காலின்னு சொல்லணுமில்ல.

எங்கப்பாரு ரிக் வண்டி வெச்சிருந்தாருங்க. போர்வெல் போடற வண்டி. எங்கூருல வீட்டுக்கு வீடு அதுதான சோலி. ராஜஸ்தான்னா ராஜஸ்தான், ஒரிசான்னா ஒரிசா, வண்டியிலயே போயி வண்டியிலயே வருவாங்க. மாசக்கணக்குல. அந்தக் குடும்பத்துல பொறந்துட்டு, ஒரு பாட்டுக்கு ஆடறதுக்குப் பிளேன்ல போறதுங்களா? ரோட்டுல போனாத்தானுங்க போன மாதிரி. பிளேன்ல என்ன, ஒரு ரூமுக்குள்ள உக்காருறோம், கதவச் சாத்தறாங்க, தொறந்தா வேற ஊரு. நடுவுல இருந்த ஊரெல்லாம் எங்க போச்சு? யாருக்குத் தெரியும்?

இந்தியாவுக்கு எப்படிப் போறீங்கன்னு கேக்கறீங்க. நல்ல கேள்விதான். எங்கூட்டுக்காரி பூங்கொடி ஒரு மாத்திரை குடுப்பாளுங்க. போட்டுட்டுக் கண்ண மூடுனா துபாயில எழுப்பி உடுவா. அது பயத்துக்கு இல்லீங்க. அலுப்புக்கு.

இன்னொண்ணும் இருக்குது. கார்ல போனா என்ற பொண்ணு எங்கூடப் பேசுவாளுங்க. வீட்டுல பேசமாட்டா. வீட்டுல அவ ரூமு, அவ கதவு. பதிமூணு வயசு. கார்ல எங்க போவா? காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா, இருந்தாலும் நான் சொல்றதுக்கெல்லாம் பதில் வரும். 'ஏங் கண்ணு, எங்கப்பாரு ஒருக்கா ஒரிசாவுல'ன்னு ஆரம்பிச்சா 'ஃபைவ், சிக்ஸ்'ம்பா. 'கேக்குதா அம்மிணி?'ன்னா 'செவன், எய்ட்'ம்பா. அவ ஆட்டத்துக் கணக்க மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறா, அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒரு வார்த்த, அவ ஒரு வார்த்தன்னு மணிக்கணக்காப் போகுமுங்க. எனக்கு அது போதும். அதுக்காகத்தான் வாரா வாரம் வண்டிய எடுத்தேன்னே வெச்சுக்குங்க.

மத்த புள்ளைங்க எல்லாம் பிளேன்ல போகும். இவளும் அதுகளோட போகணும்னு ஒரே அழிச்சாட்டியம். 'எல்லாரும் ஒண்ணா போறாங்கப்பா, ஒண்ணா சிரிக்கறாங்க, நான் மட்டும் தனியா வந்து எறங்கறேன்'னு. நான் சொன்னேன், 'தனியா எங்க வர்றே? நானு வர்றனில்ல?' போயிக் கதவச் சாத்திக்கிட்டாளுங்க.

மொதல்ல ஹூஸ்டன் போட்டி. எலுமிச்சம்பழம் சக்கரத்துல வெச்சு ஏத்தி, சாமி கும்புட்டு, நல்லபடியாத்தான் கெளம்புனோம். எங்கப்பாரு பழக்கம், போற வழியில அடிக்கடி நிறுத்தி டயரத் தொட்டுப் பாக்கணும். பொறங்கைய வெச்சுப் பாத்தா சூடு தெரியும். நாலு டயரயும் பாத்துட்டு, ஸ்டெப்னியையும் பாத்துருவேன், அதுக்கு மட்டும் மனசு கஷ்டப்படக் கூடாதில்ல. ஒரு எடத்துல போலீசு வந்துட்டாங்க. ரோட்டோரமா ஒருத்தன் டயர்கிட்ட மண்டி போட்டுத் தடவிக் குடுத்துட்டு இருக்கானேன்னு சந்தேகம். நான் ரிக் வண்டியில இருந்து ஆரம்பிச்சு வெளக்கிச் சொன்னேன். வெளக்கி முடிக்கறதுக்குள்ள அங்க ஒத்திகை முடிஞ்சுபோச்சு. அது ஒண்ணு.

அப்பறம் மெம்பிஸ். மெம்பிஸ் நமக்குக் கெழக்க. கெளம்பறது சனிக்கெழம விடியால, சாயங்காலம் மேடையில ஒத்திகை. சனிக்கெழம கெழக்க சூலம், அந்தத் தெசையில கெளம்பக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா. தயிர் குடிச்சுட்டுப் போனா தோசமில்லன்னு பூங்கொடி ஆளுக்கு ஒரு டம்ளர் தயிரக் குடுத்தா. எனக்கு மனசு ஒப்பலீங்க. புள்ள விசயம் பாருங்க. அதனால மொதல்ல மேற்கால போர்ட்வொர்த் வரைக்கும் போயி, ஒரு டீயக் குடிச்சுட்டு, அங்கிருந்து கெழக்கால திரும்பிக்கலாம்னு ரோசனை பண்ணேன். கெளம்புனது மேற்கால. அப்பறம் திரும்பறது திரும்பறதுதான, கெளம்பறது இல்லையே? சொல்லுங்க. கணக்கு செரிதான?

ஆனா போர்ட்வொர்த்துல போனா மாட்டு ஊர்வலமுங்க. ரோட்ட மறிச்சு, தொப்பிக்காரனுக குதர மேல உக்காந்துக்கிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொம்பு இருக்கற மாடுகள ஆடி அசஞ்சு ஓட்டிட்டுப் போறானுக. வேடிக்க பாக்க ஒரு கூட்டம். முன்னயும் போக முடியல, பின்னயும் வர முடியல. மகி பின்னாடி சீட்டுல இருந்து, 'அப்பா, நம்ம ஏன் போர்ட்வொர்த்துல இருக்கோம்?'னு மட்டும் கேட்டா. மறுபடி மறுபடி அதையே கேட்டா. மெம்பிஸ் போயிச் சேந்தப்ப வெளக்க அணச்சுட்டாங்க.

கோச்சு என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போயி சொல்லிருச்சு. இன்னொருக்கா லேட்டானா மகி டீம்ல இல்ல. அவ எடத்துக்குக் காத்துட்டு வேற ஒரு புள்ள இருக்குது. அன்னைக்குத் திரும்பி வர்றப்ப என்ற பொண்ணு பின்னாடி சீட்டுல சுருண்டுக்கிட்டாளுங்க. ஃபைவ் சிக்ஸ் கூட வரல. கண்ணாடியில பாத்தா கண்ணுல தண்ணி. அந்த மாட்டுக்காரனுக மேல அவ்வளவு ஆத்தரம்.

இப்ப இது கடசிப் போட்டி. அட்லாண்டா. தேசிய அளவுல. இதுக்காகத்தான் வருசம் பூரா ஆடுனது. கோச்சு கறாரா சொல்லிருச்சு, எல்லாரும் பிளேனுதான்னு. பூங்கொடி என்னையக் கேக்காமயே டிக்கெட்டப் போட்டுட்டா. பாத்தா சனிக்கெழம. பாத்தா கெழக்க. பிளேன்காரனுகளுக்குப் போனப் போட்டு, 'கொஞ்சம் மேற்கால ஓட்டிட்டு அப்பறம் திருப்புவீங்களா'ன்னு கேட்டேனுங்க. ஏன் சிரிக்கறீங்க? கேட்டாத்தான தெரியும்? அந்தப் புள்ள 'லைன்ல இருங்க சார்'னுட்டுப் பாட்டப் போட்டு உட்டுட்டுப் போயிருச்சு. நல்ல பாட்டுதான். ரொம்ப நேரம் கேட்டேன்.

அப்பத்தான் பரஸ்தானம் ஞாபகத்துக்கு வந்துச்சு. உங்க ஊருல உண்டுங்களா? கெளம்பற நாளு செரியில்லன்னா, அதுக்கு முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல நம்ம சாமான் எதாச்சும் ஒண்ண பக்கத்து வீட்டுல கொண்டு போயி வெச்சுரணும். வெச்சாப் பயணம் அப்பவே கெளம்பிருச்சுன்னு அர்த்தம். அப்பறம் நாம எந்த நேரத்துல போனாலும் அந்தச் சாமான எடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். எங்கப்பாரு ரிக் வண்டிக்கு முன்னாடி டிரைவரோட ஜமக்காளத்தப் பக்கத்து செட்டுல போட்டு வெப்பாரு. ஒரே ஒரு கட்டுப்பாடு. வெச்ச சாமான் திரும்ப நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தா அத்தனையும் வீணு.

பூங்கொடி, 'ஒரு பழைய துண்டுல ஒரு ரூவா முடிஞ்சு வைங்க மாமா, அது போதும்'னா. பழைய துண்டுங்களா! தேசியப் போட்டிக்கு! முக்கியமான பொருள வெச்சாத்தானுங்க பயணம் முக்கியமாகும். அதனால மகியோட போட்டிப் பையையே எடுத்தேன். அளவெடுத்துத் தெச்ச சட்டை, ஷூ, ரிப்பன் எல்லாம் அதுலதான் இருக்குது. அது இல்லாம மேடையில ஏத்த மாட்டாங்க. அதுக்கு மேல முக்கியமான பொருள் எங்க வீட்டுல என்ன இருக்குது?

பக்கத்து வீடு வால்டரு. வெள்ளக்காரரு, வயசானவரு, பொண்டாட்டி போயிச் சேந்துருச்சு. அந்தக் காலத்துல பட்டாளத்துல இருந்தவரு. வியாழக்கெழம நல்ல நேரத்துல பையத் தூக்கிட்டுப் போயி, 'இது உங்க வீட்டுல இருக்கட்டும், எங்க பயணம் கெளம்பிருச்சு'ன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, எங்க வீட்டப் பாத்தாரு, வாசல்ல நிக்கற எங்க காரப் பாத்தாரு. 'நீங்க இங்கதான இருக்கீங்க?'ன்னாரு. 'நாங்க இருக்கோம், பயணம் போயிருச்சு'ன்னேன். தலயச் சொறிஞ்சுக்கிட்டு, 'இதுல நான் என்ன பண்ணணும்?'னு கேட்டாரு. 'காவல் காக்கணும். என்ன ஆனாலும் செரி, எங்க வீட்டு வாசப்படியத் தாண்டி இந்தப் பை உள்ள வரவே கூடாது'ன்னேன். மனுசன் நிமுந்து நின்னு ஒரு சல்யூட் அடிச்சாரு தம்பி. எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு.

வெள்ளிக்கெழம சாயங்காலம் கதவத் தட்டறாங்க. தொறந்தா வால்டரு. கையில பை! எனக்கு உசுரே போயிருச்சு. 'வேண்டாம், வேண்டாம், உள்ள கொண்டு வராதீங்க'ன்னு கத்துனேன். அவரு, 'இல்ல சென், நான் எங்க அக்கா'ன்னு என்னமோ ஆரம்பிச்சாரு. நான், 'யாரு அக்காவா இருந்தாலும் செரி, பை உள்ள வரக்கூடாது'ன்னு கதவச் சாத்திட்டேன். சன்னல் வழியாப் பாத்தேன். பையப் பாத்தாரு, கதவப் பாத்தாரு. அப்பறம் தலய ஆட்டிக்கிட்டே போயிட்டாரு. பெரிய ஆபத்துல இருந்து தப்பிச்சோம்னு பூங்கொடிகிட்டச் சொன்னேன். அவ சமயக்கட்டுல இருந்து, 'வால்டரு எதுக்குங்க வந்தாரு?'ன்னா. 'வெளயாட்டுக்கு'ன்னேன்.

இன்னைக்கு விடியால சாமானெல்லாம் கார்ல ஏத்திட்டு, பைய எடுக்கலாம்னு அவரு வீட்டுக்குப் போனா, பூட்டு. காரக் காணோம். நாயயும் காணோம். போனப் போட்டா எடுத்துட்டாரு. குரல்ல அப்படி ஒரு பெருமை. 'கவலப்படாதீங்க சென். பை பத்திரமா இருக்குது. உங்க வீட்டுக்குள்ள வரவே இல்ல'ங்கறாரு. 'எங்க இருக்குது?'ன்னேன். 'ஷ்ரீவ்போர்ட்ல'ங்கறாரு.

அக்கா வழுக்கி உழுந்து இடுப்பு ஒடஞ்சுபோச்சாம். வெள்ளிக்கெழம சாயங்காலமே கெளம்பிப் போயிட்டாரு. பைய எங்ககிட்டக் குடுக்கக் கூடாது, தனியா உட்டுட்டுப் போகவும் கூடாது. காவல் காக்கறேன்னு வாக்குக் குடுத்தவராச்சே. கூடவே எடுத்துட்டுப் போயிட்டாரு. பாருங்க தம்பி, இந்த வெள்ளக்காரங்ககிட்ட ஒரு வேலயக் குடுத்தா கொஞ்சங்கூட சமயோசிதம் கெடையாது.

ஷ்ரீவ்போர்ட்டு கெழக்க, அட்லாண்டா போற ரோட்டுல, மூணு மணி நேரம். ஆனா ஒண்ணு. பை நல்ல நேரத்துலதான் கெளம்பிருக்குது, செரியான தெசையிலதான் போயிருக்குது. பரஸ்தானத்துல ஒரு குத்தமும் இல்ல. அதச் சொன்னேன். பூங்கொடி என்னைய ஒரு பார்வ பாத்தா, அந்தப் பார்வைய எங்கம்மா எங்கப்பாரப் பாக்கறப்பத்தான் நான் பாத்திருக்கேன்.

மகி படியில உக்காந்துட்டா. நாளைக்குக் காலையில போட்டி, கையில சட்டை இல்ல. சட்ட இல்லன்னா அவ இல்ல. அழுவான்னு பாத்தேன், அழுகலீங்க. நான், 'செரி, ஏறுங்க வண்டியில. நானே ஓட்டறேன். ராத்திரிக்குள்ள போயிரலாம்'னேன். நெசத்தச் சொன்னா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். சாமியே நம்மள ரோட்டுல போகச் சொல்லுதே! 'ஆனா இன்னைக்கு சனிக்கெழம பாத்துக்கங்க, அதனால மொதல்ல'ன்னு வாயத் தொறந்தேன். முடிக்கலீங்க.

'அப்பா'ன்னா. 'நீங்க ப்ளைட்டுல போங்க. நானும் அம்மாவும் கார்ல போறோம்.'

'நான் இல்லாமயா?'ன்னேன்.

'நீங்க வந்தா லேட்டாயிரும்பா.'

சத்தம் போட்டிருந்தாக்கூட பதிலுக்கு நாலு வார்த்த சொல்லியிருப்பேன். மெதுவாச் சொன்னா தம்பி. சோத்துக்கு உப்பு வேணும்னு சொல்ற மாதிரி சொன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. 'நீயாவது எங்கூடப் பிளேன்ல வா, அம்மா பைய எடுத்துட்டு வரட்டும்'னேன். 'அம்மாவ அவ்வளவு தூரம் தனியா ஓட்ட உட முடியாதுப்பா. நான் பேச்சுக் குடுத்துட்டே போவேன்'ங்கறா. பேச்சுக் குடுப்பாளாம்! அவங்கம்மாவுக்கு! வருசம் பூரா நான் ஓட்டுனப்ப எனக்கு வந்தது எட்டு வரைக்கும் எண்ணிக்கைதான்.

இத்தன மாசமா பிளேனு பிளேனுன்னு குதிச்ச புள்ள, கடசீல காருதான் வேணும்ங்குது. நான் சொன்னதுதான் நடந்துச்சு. ஆனா நான் அந்தக் கார்ல இல்ல. இப்ப நான் ஜெயிச்சனா, தோத்தனா, நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. என்னைய ஏர்போர்ட்டு வாசல்ல பழைய சாமானாட்ட எறக்கி உட்டுட்டு, கையக் கூட ஆட்டாம போயிட்டாங்க. வண்டி போனது நேராக் கெழக்க. ஒரு அடி கூட மேற்கால போகல.

உள்ள வந்தா ப்ரென்டா, 'மகி எங்க?'ன்னு கேக்குது. பரஸ்தானத்த இங்கிலீசுல சொன்னேன். வால்டரயும் சொன்னேன். பாதி கேட்டுட்டு அந்தம்மா இந்தக் குஞ்சம் மூட்டையத் தூக்கி என்ற கையில குடுத்துருச்சு. 'இத மட்டும் யாரு வீட்டுலயும் வெச்சுறாதீங்க'ன்னுச்சு.

ஏறி உக்காந்தா மழை. இடி. ரன்வே ஓரமா நிறுத்தி வெச்சுட்டு, இப்பப் போறோம், அப்பப் போறோம்னு எத்தன நேரமா சொல்லிட்டு இருக்கறானுக, நீங்களே பாத்தீங்களே. பிளேனு வேகமாப் போகுமாம். எங்க போகுது?

இருங்க தம்பி, போனு. மகிதான்.

கண்ணு! சொல்லு கண்ணு. எங்க இருக்கறீங்க? எடுத்தாச்சா? பைய எடுத்தாச்சா? உள்ள பாத்தியா, ரிப்பன், ஷூ எல்லாம் இருக்குதா? அப்பாடா, முருகா. வால்டரு என்ன சொன்னாரு? சல்யூட்டா? ம். இல்ல கண்ணு, இன்னும் கெளம்பல. நின்ன எடத்துலயே நிக்குது. பயமா? எனக்கென்ன பயம்? ம். ம். அதெல்லாம் வேண்டாம். ம். செரி. இரு இரு அம்மிணி, வெச்சுறாத. கெளம்பறப்ப சக்கரத்துல எலுமிச்சம்பழம், அவசரத்துல நான் மறந்தே போயிட்டேன். யாரு, நீயா? நீயேவா வெச்சே? செரி கண்ணு. செரி. அம்மாவ மெதுவா ஓட்டச் சொல்லு. மெதுவான்னா ரொம்ப மெதுவா இல்ல. செரி, செரி.

எடுத்தாச்சுங்க! பை கெடச்சிருச்சு! ப்ரென்டா மேடம்! பை ஓக்கே! மகி ஓக்கே! பாருங்க பாருங்க, புள்ளைங்க எப்படிக் கத்துதுகன்னு. என்ற பொண்ணு பேரத்தான் ஒவ்வொரு எழுத்தாக் கத்துதுக. அந்த மேடிசன் புள்ளையப் பாருங்க, அழுகுது. கோச்சு சிரிக்குது தம்பி! இந்த வருசத்துல என்னையப் பாத்து இப்பத்தான் சிரிக்குது. ஒரு குஞ்சத்த எடுங்க, நாமளும் ஆட்டுவோம். ஆட்டுங்க, சும்மா ஆட்டுங்க.

இதுல இன்னொண்ணு கவனிச்சீங்களா? காரு ஷ்ரீவ்போர்ட்டத் தாண்டப் போகுது. பிளேனு டாலஸத் தாண்டல. இத நான் எழுதி ஒட்டி வெக்கணும்.

என்னைய எறக்கி உட்டுட்டுப் போற வழியில எலுமிச்சம்பழம் வாங்கி அவளே வெச்சாளாமுங்க. நாலு சக்கரத்துக்கும். பூங்கொடி வேண்டாம்னாளாம், இவதான், 'அப்பா கேட்பாரும்மா'ன்னு எறங்கி வெச்சாளாம். திரும்பி வர்றப்ப என்னையவே ஓட்டச் சொல்லிட்டா. 'வர்றப்ப நீங்க ஓட்டுங்கப்பா, அப்ப எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்துங்க'ங்கறா. என்னத்தச் சொல்றது. அதுதான் செரி செரின்னே சொல்லிட்டு இருந்தேன்.

இது என்ன சத்தம்? கெளம்பிருச்சா? அதுக்குள்ளயா? மழ நிக்கட்டுமே, என்ன அவசரம் இவனுகளுக்கு?

இல்லீங்க, வேர்க்கல. குஞ்சம் சூடு. மாத்திர பூங்கொடி கைப்பையில இருக்குது, அது கார்ல போகுது. மகி அதத்தான் சொன்னா. 'அப்பா, மாத்திர அம்மாகிட்ட இருக்குது, எனக்குத் தெரியும், நீங்க பயப்படுவீங்க'ன்னு. எனக்குப் பயம்னு யாரு சொன்னது அவளுக்கு? இத்தன வருசமா ஒருத்தருக்கும் சொன்னதில்ல. மேடிசனும் மேல ஏர்றப்ப ஒவ்வொருக்காவும் பயப்படுமாம். காலு வெடவெடன்னு ஆடறது இவ கையிலதான் தெரியுமாம். 'நான் புடிச்சிருக்கேன், எண்ணு'ம்பாளாம் இவ. அதுக்கப்பறம் ஆடாதாம். 'நீங்களும் எண்ணுங்கப்பா. பக்கத்துல யாராவது இருப்பாங்க, கையப் புடிச்சுக்குங்க. வெக்கப்படாதீங்க'ங்கறா.

வேகமாப் போகுதுங்களே. இவ்வளவு வேகம் எதுக்குங்க?

தம்பி, உங்க கைய இப்படிக் குடுக்கறீங்களா? ரெண்டு கையயும் குடுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. ஃபைவ். சிக்ஸ். அட சாமி, பிளேனு மூக்கத் தூக்குதே. செவன். எய்ட். எட்டுக்கு அப்பறம் என்னங்க? அப்பறம் திரும்ப ஒண்ணா? எண்ணுங்க, நீங்களும் எண்ணுங்க. கண்ண மூடிக்கிட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியல. உட்டுறாதீங்க தம்பி. உட்டுறாதீங்க.